பல் வைத்தியரின் மெலிந்த நாய்

எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, அது வந்தபோது அதை நாய் என்று நம்பியவர்கள் குறைவு.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களில் ஒரு பல் வைத்தியரும் இருந்தார். அறுபதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர். வடக்கே இணுவிலில் எங்கள் வீட்டுக்கு எதிரே பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த வீடு அவருடைய தகப்பனுடையது. ஒரு சூட்கேசும் ஒரு தோல் பையுமாக அங்கே வந்து சேர்ந்தார். தோளில் ஒரு துவாய்ப் பொட்டலம். அது அசைந்ததைக் கண்டு, குழந்தையாக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி கிட்டப் போய் எட்டிப் பார்த்தார். நீண்ட மூக்கும் பெரிய கண்களுமாக ஒரு முகம் வெளியே வந்தது.

"மான்குட்டியோ டொக்டர்?"

"இல்லை, நாய். இத்தாலியன் கிரேஹவுண்ட் எண்டு சொல்லுறது."

"குட்டியே?"

"வளந்த நாய். இவ்வளவுதான் வளரும்."

மாமி அதை நம்பவில்லை. சாம்பல் நிறத் தோலுக்குக் கீழே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கால்கள் பூவரசங் கம்பின் தடிப்புக்கூட இல்லை. கொழும்பில் பட்டினி கிடந்திருக்கிறது என்று முடிவு செய்து, அன்று பின்னேரமே ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொரு வீட்டிலிருந்து பால் வந்தது. பல் வைத்தியர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, இந்தச் சாதி நாய் இப்படித்தான் இருக்கும் என்று பொறுமையாகச் சொல்வார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முன் அறையில் அவர் பல் பிடுங்கத் தொடங்கினார். பின்னேரங்களில் நாயின் கழுத்துவாரில் கயிறு கொழுவி, தோட்டப் பக்கம் கூட்டிப்போவார். எங்கள் ஊரில் நாயைக் கயிற்றில் கொழுவிக்கொண்டு நடப்பவர் அப்போது அவர் ஒருவர்தான். நான் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் படவரைஞனாக வேலை செய்துவந்தேன். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது வழியில் அவரைச் சந்திப்பேன். தலையசைப்பேன், அவரும் அசைப்பார். மூன்று வருடம் எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

எண்பத்தாறு கார்த்திகையில் ஒருநாள் அவர் எங்கள் விறாந்தைக்கு வந்து நின்றார். லண்டனிலிருந்த மகளுக்கு முதற் பிள்ளைப்பேறு. போய் ஆறு மாதம் நின்றுவிட்டு வர வேண்டும்.

"நாயை உம்மட்டை விடலாமோ எண்டு கேக்க வந்தனான் தம்பி."

ஏன் என்னிடம் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததே இல்லை.

"நீர் சத்தம் போட்டுக் கதைக்கிறேல்லை. மனிசியும் அப்பிடித்தான். உதுக்கு அது காணும்."

மனைவியைக் கேட்காமலே ஓம் என்று சொல்லிவிட்டேன். அவள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் அதிகம் சொல்லித் தரவில்லை. வெளியில் கட்டி வைக்கக் கூடாது, அதட்டக் கூடாது, பல்லைக் கவனிக்க வேண்டும். இந்தச் சாதிக்குப் பல் கெதியாகப் பழுதாகும் என்றார். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி, அதன் சொண்டை உயர்த்தி, கடைவாய்வரை தேய்த்துக் காட்டினார். நாய் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திருந்தது. "மற்றதுகளை நீங்களே கண்டுபிடிப்பியள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நிற்கவில்லை. பெட்டை நாய் என்பதால் என் மனைவி 'பிள்ளை' என்று கூப்பிட்டாள். அதுவே நிலைத்தது.

ஆனால் பிள்ளைக்கு வீட்டுக்குள் இடமில்லை என்றும் அவளே சொன்னாள். எங்களுடையது சைவச் சாப்பாட்டு வீடு, சாமியறை இருக்கிற வீடு. விறாந்தை மூலையில் ஒரு சாக்கை விரித்துப் படுக்கவிட்டோம்.

அது மாரிகாலம். மழையை அந்த நாய் ஓர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. காலையில் படியோரம் வந்து, முன்கால் ஒன்றைத் தூக்கியபடி முற்றத்துத் தண்ணீரைப் பார்க்கும். பிறகு திரும்பிப் போய் விறாந்தை மூலையிலேயே ஒன்றுக்கிருக்கும். மனைவி மூன்று நாள் விறாந்தையைக் கழுவினாள். நாலாம் நாள் குடையை என் கையில் தந்தாள். அந்த மாரி முழுவதும் காலையிலும் மாலையிலும் நானும் நாயும் ஒரே குடைக்குக் கீழ் வேலியோரம் போய் வந்தோம். ஒழுங்கையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பத்து நாளில் பழகிவிட்டது.

சாப்பாடு அடுத்த பிரச்சினை. தயிர்ச் சோற்றை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலு நாள் அரைப் பட்டினி. ஏற்கெனவே எலும்பு தெரியும் உடம்பு, இனி எது குறைவது என்று எங்களுக்குப் பயம். சுன்னாகம் சந்தையில் சின்ன மீன் கொஞ்சம் வாங்கி வந்தேன். மனைவி ஒரு பழைய சட்டியை எடுத்துத் தந்து, கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டச் சொன்னாள். எனக்கும் மீன் சமைக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாழைகளுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"அவிஞ்சிட்டுதோ?"

"எப்பிடித் தெரியும்?"

"கண் வெளியிலை வந்திட்டுதோ பாருங்கோ."

கண் வெளியில் வந்திருந்தது. சோற்றில் பிசைந்து வைத்தேன். நாய் கோப்பையைச் சுவர்வரை தள்ளித் தள்ளி நக்கியது. இரண்டு மாதம் போல நான்தான் சமைத்தேன். ஒருநாள் வேலையால் வந்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. மனைவி முழுகிய தலையோடு நின்றாள்.

"நீரோ சமைச்சனீர்?"

"அது பசிச்சு நிண்டுது" என்றாள்.

மார்கழிக் குளிரில் நாய் நடுங்கத் தொடங்கியது. காய்ச்சல் என்று நினைத்தோம். தொட்டுப் பார்த்தால் உடம்பு வழக்கமான சூடுதான். மயிர் அவ்வளவு குட்டை, தோல் அவ்வளவு மெல்லிசு, கொழுப்பு இல்லை. மலைநாட்டில், பண்டாரவளையில் நான் வேலை செய்த காலத்து ஸ்வெட்டர் ஒன்று பெட்டியில் கிடந்தது. மனைவி என்னைக் கேட்காமல் அதன் ஒரு கையை வெட்டி, முன்கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டு, விளிம்பைத் தைத்தாள். தலைவழியாகப் போட்டுவிட்டதும் நாய் அசையாமல் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சாக்கில் சுருண்டு படுத்தது. அந்த வாரம் சாக்கு கதவுக்கு உள்பக்கம் வந்தது. தைப்பொங்கலுக்கு முன்னர் எங்கள் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்துவிட்டது. நான் நகர்த்தவில்லை. யார் நகர்த்தினார்கள் என்று கேட்கவுமில்லை.

அது ஓடுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது சித்திரையில். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்து, செம்மண் வெறுமையாகக் கிடந்தது. சுற்றிலும் யாருமில்லை என்று கயிற்றைக் கழற்றினேன். ஒரு கணம் நின்றது. காதுகள் பின்னுக்குப் போய்க் கழுத்தோடு ஒட்டின. பிறகு போய்விட்டது. எங்கள் விறாந்தையில் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிற பிராணி அதுதான் என்று நம்ப முடியவில்லை. நான்கு காலும் ஒன்றாக உடம்புக்குக் கீழே மடிந்து, ஒன்றாக விரிந்தன. நிலத்தைத் தொட்ட இடங்களில் மட்டும் சின்னச் சின்னதாகப் புழுதி எழும்பியது. தோட்டத்தை இரண்டு தரம் வட்டமடித்தது. என்னைக் கடக்கும்போது அதன் மூச்சு மட்டும் கேட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படித் தனியே நின்று சிரித்தேன் என்று நினைவில்லை.

மூன்றாவது சுற்றில் வேலியோரம் ஓர் அணில் ஓடியது. அதன் பின்னால் போன நாய் திரும்பவில்லை. கூப்பிட்டேன். ஓடும்போது அதற்குக் காது கேட்காது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். மத்தியானம்வரை ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினேன். மனைவியும் குடையோடு வந்து மறுபக்கம் தேடினாள். கடைசியில் மூன்று வீடு தள்ளி, ஒரு முற்றத்தில், பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயப்போட்டிருந்த பாயின் நடுவில், உச்சி வெயிலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. நல்ல வேளை, ஒடியலை ஒதுக்கிவிட்டுப் படுத்திருந்தது.

"நான் எழுப்பிப் பாத்தன். எழும்பேல்லை. பெரிய இடத்து ஆள் போலை" என்றார் அந்த வீட்டுக்காரர்.

ஆறு மாதம் முடிந்தது. பல் வைத்தியரிடமிருந்து கடிதம் வந்தது, பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் என்று. அந்த வருடம் ஐப்பசியில் இந்திய இராணுவத்துக்கும் போராளிகளுக்கும் ஊரில் சண்டை. பிறகு இந்தியச் சிப்பாய்கள் சந்திகளில் நின்றார்கள். கொஞ்ச நாள் என்பது ஒரு வருடத்தைத் தாண்டியது. அவர் வீட்டு முற்றத்தை மனைவிதான் கூட்டினாள்.

எண்பத்தெட்டில் நாயின் முன்கால் முறிந்தது. என் சைக்கிள் மணி கேட்டு, விறாந்தையின் அரைச்சுவரிலிருந்து வழக்கம்போலக் குதித்தது. கழுவிய நிலம் ஈரமாக இருந்ததால் சறுக்கிவிட்டது. ஈர்க்கை முறித்தால் வருகிற அளவுதான் சத்தம். அது கத்திய சத்தத்துக்கு ஒழுங்கையே கூடியது. மிருக வைத்தியர் அப்போது ஊரில் இல்லை. அச்சுவேலிப் பக்கம் ஒரு முறிவு வைத்தியப் பரியாரியார் இருக்கிறார், மனிதருக்குத்தான் பார்ப்பார், கேட்டுப் பாருங்கள் என்று மாமி சொன்னார். ஒரு பனையோலைக் கடகத்துக்குள் பழஞ்சேலை விரித்து நாயை வைத்து, சைக்கிள் கரியரில் கட்டி, உரும்பிராய், நீர்வேலி வழியாக மெல்ல உருட்டிக்கொண்டு போனேன்.

வழியில் ஒரு காவலரணில் தலைப்பாகை கட்டிய சிப்பாய் மறித்தான். துவக்கு முனையால் கடகத்தைக் காட்டித் திறக்கச் சொன்னான். சேலையை விலக்கினேன். நாய் தலையை நீட்டி அவனைப் பார்த்தது. அவன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தான். ஏதோ ஹிந்தியில் சொன்னான். தன் இடுப்பளவில் கையை வைத்து உயரம் காட்டினான். அவனுடைய ஊரிலும் இப்படி நாய்கள் உண்டு, ஆனால் பெரியவை என்று விளங்கிக்கொண்டேன். முறிந்த காலைக் கண்டதும் உச்சுக் கொட்டினான். மற்றவர்களை வரிசையில் நிற்க வைத்துவிட்டு என்னை முதலில் போகவிட்டான்.

பரியாரியார் நாயைத் தூக்கி மடியில் வைத்து, விரல்களால் எலும்பைத் தேடினார்.

"ஆட்டுக்குக் கட்டியிருக்கிறன். கோழிக்கும் கட்டியிருக்கிறன். உது ரெண்டுக்கும் நடுவிலை" என்றார்.

பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கிற் சிம்புகளை வைத்துக் கட்டினார். ஒரு மாதம் நிலத்தில் கால் ஊன்றவிடக் கூடாது என்றார். அந்த மாதம் முழுவதும் மனைவி அதை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டு வேலை செய்தாள். நாய் நெடுமூக்கை அவள் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கும். கால் பொருந்தியது. நடையில் சின்னச் சாய்வு மட்டும் மிஞ்சியது, ஓட்டத்தில் அதுவுமில்லை.

கால் ஆறி மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கடிதம் வந்தது. பல் வைத்தியர் இனி லண்டனிலேயே இருக்கப்போவதாக எழுதியிருந்தார். பகலில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், வெளியில் குளிர், கதைக்க ஆளில்லை. நாயைத் தன்னிடம் எடுப்பிக்க விரும்புகிறார். சொந்தக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து லண்டனுக்கு வருகிறார், அவரோடு அனுப்பலாம். அங்கே சட்டப்படி, நோய் இல்லை என்று தெரிய, ஆறு மாதம் தனிக்கூட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் தருவார்களாம்.

மனைவி கடிதத்தை வாசித்து, மடித்து, மேசையில் வைத்தாள். "அவரின்ரை நாய்தானே" என்றாள். கிணற்றடிக்குப் போனவள் நெடுநேரம் வரவில்லை.

நான் அடுத்த நாள் கச்சேரியில் இருந்து பதில் எழுதினேன். கால் முறிந்த கதையை விரிவாக எழுதி, எலும்பு இன்னும் பொருந்தவில்லை, நடக்க முடியாது, பிரயாணம் தாங்காது என்று முடித்தேன். தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நாய் ஒழுங்கை முகப்புவரை ஓடி வந்தது.

இரண்டு மாதத்தில் ஒரு பொதி வந்தது. டொக்டரின் மகள் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்று, நாயின் அளவுக்கு. கூடவே நாலு பக்கக் கடிதம். காலை எப்படித் தடவிவிட வேண்டும், எப்படி மெல்ல மெல்ல ஊன்றப் பழக்க வேண்டும் என்று அங்கே ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டுப் படம் போட்டு எழுதியிருந்தார். உங்களுக்குத் தந்த கரைச்சலுக்கு மன்னிக்க வேண்டும் என்றும் இருந்தது.

மனைவி அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கால் பொருந்தேல்லை?"

நான் கம்பளிச் சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அந்த மனிசன் தனிய இருந்து இதை எழுதியிருக்குது. உண்மையை எழுதுங்கோ. கேட்டா அனுப்புவம்."

"உமக்குச் சம்மதமோ?"

"சம்மதம் எண்டு நான் சொல்லேல்லை. எழுதுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

எழுதினேன். கால் எப்போதோ ஆறிவிட்டது, நான் எழுதியது பொய், எப்போது சொன்னாலும் நாயைக் கொழும்புக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை. மாதக்கணக்காக வரவில்லை. தபால்காரன் ஒழுங்கைக்குள் திரும்பினால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

தொண்ணூறு தொடக்கத்தில், இந்தியச் சிப்பாய்கள் திரும்பிப் போய்ச் சண்டையில்லாதிருந்த சில மாதங்களில், பல் வைத்தியர் தானே வந்து நின்றார். முன்னறிவிப்பு இல்லை. மெலிந்திருந்தார். காலுறை போட்டிருந்தார். நாய் விறாந்தை வெயிலில் கிடந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. எழும்பி, அந்தச் சாய்ந்த நடையோடு போய், அவருடைய கால்சட்டையை மேலும் கீழும் மணந்தது. பிறகு முழு உடம்பையும் அவர் முழங்காலில் சாய்த்துக்கொண்டு நின்றது. அவர் குனிந்து முதலில் பார்த்தது வாயைத்தான்.

"கடைவாயிலை ஒண்டு ஆடுது. சட்டியிலை கொஞ்சம் தண்ணி கொதிக்க வையுங்கோ தங்கச்சி."

தன் வீட்டைத் திறந்து பல் பிடுங்கும் குறட்டை எடுத்து வந்தார். மனைவி நாயின் தலையைப் பிடிக்க, நான் உடம்பைப் பிடிக்க, அவர் ஒரு திருப்பில் பல்லை எடுத்துவிட்டார். நாய் ஒருமுறை மட்டும் முனகியது. துணியை வைத்து அழுத்திக்கொண்டு அதை மடியில் ஏற்றினார்.

மனைவி தேத்தண்ணி போட உள்ளே போனாள். இதுதான் சமயம் என்று தொடங்கினேன்.

"டொக்டர், அந்தக் கடிதம்..."

"எது, முதலாவதோ ரெண்டாவதோ?"

"ரெண்டும்."

"முதலாவது வரேக்கையே தெரியும் தம்பி. உந்தச் சின்ன எலும்பு பொருந்த ரெண்டு மாதம் காணும். நீர் எழுதின கணக்குக்கு அது அஞ்சு மாதம் தாண்டியிட்டுது."

"தெரிஞ்சுகொண்டே அந்தச் சட்டையை அனுப்பினனீங்கள்?"

"மகள் பின்னத் தொடங்கியிட்டாள். அதோடை, குளிருக்குப் போடலாம்தானே."

கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கூடுகளை நான் போய்ப் பாத்தனான். சீமெந்து நிலம். ஒவ்வொண்டும் தனியத் தனிய நிண்டு குலைக்குதுகள். உது அங்கை ஒரு மாதம் இராது. அண்டைக்கே விட்டிட்டன் அந்த யோசினையை."

"அப்ப ஏன் அதை எழுதேல்லை? நாங்கள் ஒரு வருசமாத் தபால்காரனைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

அவர் நாயின் வாயிலிருந்த துணியை எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தார்.

"எழுதினா அது உங்கடை நாயாப் போயிடும். இன்னும் கொஞ்ச நாள் என்ரை நாயா இருக்கட்டும் எண்டு விட்டன். நான் செய்ததும் சரியில்லைத்தான்."

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். கேட்டிருப்பாள். கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நிலத்தில் இருந்தாள். மூன்று பேரும் அந்தப் பின்னேரம் முழுவதும் நாயைப் பற்றித்தான் கதைத்தோம். ஓடும்போது காது கேட்காதது அவருக்கும் தெரிந்திருந்தது. ஒடியல் பாய்க் கதைக்கு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மழைக்கு அவர் கண்டுபிடித்திருந்த வழி வேறு. கொழும்பில் மழைக்காலம் முழுவதும் குளியலறையில் பேப்பர் விரித்து வைப்பாராம். "இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்றாள் மனைவி.

மூன்று கிழமை நின்றார். தினமும் பின்னேரம் நாயைத் தோட்டப் பக்கம் கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன். போகிற அன்று காலையில் வந்து, அதன் பல்லைத் தானே துடைத்துவிட்டார். "இனி உங்கடைதான்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாகனத்தில் ஏறினார். வைகாசி கழிந்ததும் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவில்லை.

பிள்ளை எங்களோடு இன்னும் நாலு வருடம் இருந்தது. கண் மங்கியது, பல் பாதிக்கு மேல் போனது, மீனைக் கூழாக மசித்துக் கொடுத்தோம். விமானச் சத்தம் எங்களுக்குக் கேட்பதற்கு முன்னரே அதற்குக் கேட்கும். எழும்பிப் போய், குண்டுக்கு ஒளிய முற்றத்தில் வெட்டியிருந்த பங்கரின் வாசலில் நிற்கும். பின்னேரம் நாலு மணி வெயிலுக்கு முற்றத்தில் எந்த இடம் சூடாக இருக்கும் என்பதைக் கடைசிவரை சரியாக அறிந்திருந்தது. தொண்ணூற்று நாலு பங்குனியில் அப்படி ஓர் இடத்தில் படுத்திருந்து எழும்பவில்லை. மாமி வந்து பார்த்துவிட்டு, "கடைசிவரைக்கும் சதை வைக்கேல்லை" என்றார். கிணற்றடி வாழைகளுக்குப் பக்கத்தில் புதைத்தோம். லண்டனுக்கு எழுதினேன். கொழும்புக்குப் போன ஒருவர் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார். இரண்டு வரியில் பதில் வந்தது. நல்ல இடத்தில்தான் விட்டேன் என்று எழுதியிருந்தார்.

அடுத்த வருடம் ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே நாளில் கிளம்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பல மணி நேரம் அசையாமல் நின்றோம். எங்கள் முன்னால் நின்ற ஒருவர் சைக்கிள் கூடைக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்து, பொலித்தீன் பையால் மூடியிருந்தார். அது பையைத் தள்ளித் தள்ளித் தலையை வெளியே நீட்டியது. மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருந்திருந்தா தூக்கிக்கொண்டு வந்திருப்பியளோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"நான்தான் தூக்கியிருப்பன். நீங்கள் சைக்கிளை உருட்டோணுமே" என்றாள்.

பிறகு முன்னால் கொஞ்சம் இடம் விட்டது. நாங்கள் நடந்தோம்.